டர்பன் கை, ஜோபர்க் காற்று

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு (பேச்சில் ஜோபர்க்) குடிவந்த முதல் வாரமே, பருப்பு வேகவில்லை என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. டர்பன் கடலோர ஊர். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்து அழுத்தம் குறைவதால், இங்கே 94 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும், பருப்பு மட்டும் கல்லு மாதிரி கிடக்கும். குக்கரில் இரண்டு விசில் கூட விடச் சொல்லித் தீர்த்துவைத்தேன். அதே மெலிந்த காற்று அடுத்ததாக என் விமானத்தையும் ஒரு கை பார்க்கும் என்று தோன்றவே இல்லை.

ரேடியோ கன்ட்ரோல் விமானத்தைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்த காலத்தில் பால்சா மரத்தை பிளேடால் அறுத்து, ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நாங்களே செய்வோம். எஞ்சினுக்கு மெத்தனாலும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும். உராய்வைக் குறைக்க அதில் விளக்கெண்ணெய். ஆமாம், வயிற்றுக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான். பறந்து இறங்கியதும் இறக்கையெல்லாம் பிசுபிசுவென்று வழியும். அந்த வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வார்.

அன்றைய ரேடியோ 35 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொருவர் டிரான்ஸ்மிட்டரிலும் ஒரு கிரிஸ்டல், அதற்கு ஓர் அலைவரிசை எண். மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். உன் எண்ணுக்கான கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் போடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கிளிப் எடுக்காமல் போட்டுவிட்டார். என் எண், அவர் எண் ஒன்று. ரிசீவருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று புரியவில்லை. விமானம் தலைகீழாகக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. எந்தக் கரும்புக்காக எங்கள் பாட்டன்மார் 1860 முதல் கப்பலேறி வந்தார்களோ அந்தக் கரும்பு. ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. சாயங்காலம் வரை தேடினோம்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை அறிமுகமாகிக்கொள்கின்றன. பிறகு அந்த டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணோடு வரும் கட்டளையைத் தவிர ரிசீவர் வேறெதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதோடு நொடிக்குப் பல முறை அலைவரிசை மாறி மாறித் தாவுகிற வகையும் உண்டு. ஓரிடத்தில் நெரிசல் என்றால் அடுத்த தாவலில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அலைநீளமும் எட்டரை மீட்டரிலிருந்து பன்னிரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. முன்பு வால் வரை இழுத்துக் கட்டிய ஒரு மீட்டர் ஒயர் இப்போது மூன்று சென்டிமீட்டர்.

சரி, கதைக்கு வருகிறேன். ஜோபர்க்கின் தெற்கே லெனேசியா பக்கம் ஒரு புல்வெளி, ஜனவரி மத்தியானம். என் அக்கா மகன் பக்கியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், தமிழில் யாரும் திட்டவில்லை). ஃபோமில் செய்த பழகுநர் விமானம், மின்மோட்டார், எடை 1.2 கிலோ. ஏறியது, வட்டமடித்தது. எதிரே வரும்போது இடம் வலமாகத் தெரியுமே, அதைக்கூடக் கை மறக்கவில்லை: எந்த இறக்கை சாய்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். இறக்கும்போதுதான் வினை. ஓடுபாதையை நெருங்குகையில் வேகம் அதிகமாகப் பட்டது. வழக்கம்போல் குறைத்தேன். இரண்டு ஆள் உயரத்தில் இடது இறக்கை சட்டென்று தொங்கியது, மூக்கு புல்லில் குத்தியது.

“மாமா, பேட்டரி தீர்ந்துவிட்டதா?” என்றான். பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. தீர்ந்துபோனது காற்று.

டர்பனில் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.18 கிலோ எடையிருக்கும். ஜோபர்க்கின் கோடை மத்தியானத்தில், 30 டிகிரியில், அதே கனமீட்டர் 0.95 கிலோதான். ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். இறக்கை கொடுக்கும் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தி ஐந்தில் நான்காகக் குறைந்தால், அதே எடையைத் தாங்க வேகம் 12 சதவீதம் கூட வேண்டும். என் விமானத்துக்குக் கணக்குப் போட்டால், டர்பனில் மணிக்கு 27 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். இங்கே 30-க்குக் கீழே போனால் விழும்.

மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மாடல் விமானம் ஓட்டுபவன் வேகத்தைக் கண்ணால்தான் அளக்கிறான். வருடக்கணக்காகப் பழகிய கண், 27-ஐத்தான் சரியான வேகம் என்கிறது. வேகத்தைக் குறைக்கக் குறைக்க, உயரம் இழக்காமல் இருக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போகிறோம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப் போகும் காற்று பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. தூக்குவிசை பொலபொலவென்று சரிகிறது. மெல்லிய காற்றில் அந்தக் கோணத்தை முன்னதாகவே, இன்னும் வேகமாகப் போகும்போதே எட்டிவிடுவோம். என் கையில் தப்பில்லை. அது டர்பன் காற்றுக்குப் பழகிய கை.

மின்மோட்டாருக்கு மூச்சு விடும் வேலை இல்லை என்பது ஓர் ஆறுதல். பழைய எஞ்சின் என்றால் குறைந்த காற்றுக்கேற்ப அதன் பலமும் குறையும். ஆனால் மோட்டார் சுழற்றும் விசிறிக்குக் காற்று வேண்டும். பிடித்துத் தள்ள ஆள் குறைவு என்பதால் அது சும்மா சுற்றுகிறது, விமானத்தை முன்னே இழுக்கும் விசை குறைகிறது. 10-க்கு 6 அங்குல விசிறியைக் கழற்றிவிட்டு 11-க்கு 5 போட்டேன் (முதல் எண் விட்டம்; இரண்டாவது முறுக்கம், அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு). விட்டம் கூடி, முறுக்கம் குறைந்ததில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட டர்பனில் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. உச்ச வேகம் கொஞ்சம் குறையும்தான். பழகுநர் விமானத்துக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

மூக்கைப் பசை போட்டு ஒட்டியாயிற்று. இறக்கும்போது கண் “வேகம் அதிகம்” என்று கத்தினாலும் பொறுத்துக்கொண்டு, சக்கரம் புல்லைத் தொடும்வரை கொஞ்சம் மோட்டார் ஓட விடுகிறேன். இறங்கும் விமானத்திடம் இயக்க ஆற்றல் கால் பங்கு கூடுதல், அதனால் ஓடும் தூரமும் கூடுகிறது. முதல் இரண்டு முறை வேலிக் கம்பி வரை போய் நின்றது.

இப்போதெல்லாம் ஜூலை காலைகளுக்காகக் காத்திருக்கிறேன். மூன்று டிகிரிக் குளிரில் இதே மைதானத்தில் காற்று 1.05 கிலோ வரை கனக்கிறது, பாதி டர்பன் திரும்பி வந்த மாதிரி. ஆனால் லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே மின்தடை கூடி, மோட்டாரை முடுக்கியதும் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் பறக்கவிடும் நிமிடம் வரை ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அக்கா மகன் பேட்டரியைக் கேட்டால், முதலில் பொத்தானைக் கழற்ற வேண்டியிருக்கிறது.