தோண்டாமலே துறைமுகம் தேடியவர்

ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தை ஒட்டி அறுகோண வடிவில் ஓர் ஏரி இருக்கிறது. பேரரசர் டிராஜன் வெட்டிய துறைமுகக் குளம் அது. ஒரு பக்கம் சுமார் 358 மீட்டர். போர்ட்டஸ் என்ற இந்தத் துறைமுகத்தைக் கி.பி. 42 வாக்கில் தொடங்கியவர், டிராஜனுக்கு முன்பே ஆண்ட பேரரசர் கிளாடியஸ். எகிப்துக் கோதுமை இங்கே படகு மாறி, டைபர் ஆற்றின் வழியே ரோமுக்குப் போனது. ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து, கடல் இன்று சில கிலோமீட்டர் விலகிவிட்டது.

குளம் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றியிருந்த கிடங்குகளும் கால்வாய்களும் பெரும்பாலும் மண்ணுக்குள். அத்தனையையும் தோண்டக் காசும் போதாது, ஆயுசும் போதாது. ஸ்பெயினின் ரோமானிய ஊர்களை ஆராய்ந்துவிட்டு வந்த பிரிட்டன் தொல்லியலாளர் சைமன் கீ, 1990களின் இறுதியில் இங்கே காந்தமானியை இறக்கினார். தோண்டாமலே, நிலத்தின் மேல் காந்தப்புலத்தில் தெரியும் சிறு மாறுதல்களை அளக்கும் கருவி அது. 2021இல் மறையும்வரை இந்தத் துறைமுகத்தை அவர் விடவில்லை.

காந்தமானிக்குச் செங்கல் எப்படித் தெரிகிறது? களிமண்ணில் இரும்பு ஆக்சைடு துகள்கள் உண்டு. சூளை வெப்பம் 600 டிகிரியைத் தாண்டும்போது அவற்றின் பழைய காந்தத் திசை அழிந்துபோகும். ஆறும்போது அப்போதைய பூமிக் காந்தத்தின் திசையிலேயே உறைந்துவிடும். சுவரில் அடுக்கும்போது திசைகள் கலையலாம், காந்தம் போய்விடாது. ரோமானியர் கான்கிரீட்டில் கலந்த எரிமலைச் சாம்பலிலும் காந்தத் துகள்கள் உண்டு.

காந்தப்புலத்தை அளக்கும் அலகு நானோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறத்தாழ 46,000 நானோடெஸ்லா. புதைந்த சுவர் அதில் உண்டாக்கும் மாறுதலோ சில நானோடெஸ்லா, மிஞ்சினால் சில பத்து. அதனால் கருவியில் மேலும் கீழுமாக இரண்டு உணரிகள். பூமியின் புலம் இரண்டுக்கும் பொது. சுவரின் புலம் கீழே இருப்பதற்குத்தான் கூடுதலாக எட்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சுவர் மட்டும் மிஞ்சும்.

சொல்வது எளிது. வேலை என்னவோ நடை, நடை, நடைதான். நிலத்தைக் கட்டம் கட்டி, கயிறு பிடித்து, ஒரே சீராக நடக்க வேண்டும். பெல்ட் பக்கிள், ஜிப், ஆணியடித்த ஷூ எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கம்பிவேலி பக்கத்தில் வந்தால் அந்த வரிசை வீண். தொல்லியலில் புதையலைவிட இந்தச் சலிப்புக்குத்தான் மரியாதை தரவேண்டும் என்பேன்.

காந்தமானி வயதைச் சொல்லாது, ஆழத்தையும் துல்லியமாகச் சொல்லாது. அதனால் போர்ட்டஸில் 2007 முதல் அகழாய்வும் நடந்தது. குளத்தோரம் சுமார் 145 மீட்டர் நீளத்தில் ஒரு கட்டடம் வெளிப்பட்டது. கப்பல் கட்டவோ பழுதுபார்க்கவோ பயன்பட்டிருக்கும் என்பது கீ குழுவின் கருத்து.

எனக்குப் பிடித்தது 2014இல் வந்த செய்திதான். பக்கத்துத் துறைமுக நகரமான ஓஸ்தியா, டைபரின் தென்கரையோடு முடிந்தது என்றே அதுவரை வரைபடங்கள் காட்டின. எதிர்க்கரை வயல்களில் காந்தமானியோடு நடந்தபோது, பெரிய கிடங்குகளும் அவற்றை வளைத்த மதில் சுவரும் திரையில் வந்தன. எல்லை என்று நினைத்த ஆறு, ஊருக்கு நடுவே ஓடியிருக்கிறது.