காற்றை அடைத்தால் கடலைப் பூஞ்சணம் என்ன செய்யும்?

காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தால் நிலக்கடலையில் பூஞ்சணம் வராதா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். பூஞ்சணம் லேசில் சாகாது. ஆனால் காற்று குறையக் குறைய, அது நஞ்சு காய்ச்சுவது அதற்கு முன்னதாகவே படுத்துவிடும்.

அந்த நஞ்சு அஃப்ளாடாக்சின். காய்ச்சுவது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் துருவித்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அறுவடைக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் மழை பொய்த்தால், மண்ணுக்குள்ளேயே காயில் நஞ்சு ஏறிவிடும்.

பூஞ்சணம் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும் என்பது தெரிந்ததுதான். நஞ்சுக்கு மூலப்பொருளும் அதுவே. அசிட்டேட் என்ற சிறு கார்பன் துண்டுகளைக் கோத்து முதலில் நார்சொலோரினிக் அமிலம் உருவாகிறது, செம்மஞ்சள் நிறம். அடுத்த படிக்கான மரபணு கெட்டுப்போன திரிபுகளில் இந்த நிறம் அப்படியே தேங்கும். வளர்ப்புத் தட்டைக் கவிழ்த்தாலே கண்ணுக்குத் தெரியும். அதன்பின் வரும் படிகள் பலவற்றில் வேலை செய்வது பி450 வகை நொதிகள். நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு. அது ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளந்து, ஓர் அணுவைக் கைவசமுள்ள சேர்மத்தில் செருகும். மற்றதை நீராக்கித் தள்ளிவிடும். வேறொரு நொதி, இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஆக்சிஜனை ஆப்பு அடித்ததுபோல் நுழைக்கிறது! இந்த நஞ்சின் முக்கிய வகையான அஃப்ளாடாக்சின் பி1 பிறக்கும் கடைசிப் படியும் பி450இன் கைவேலைதான். போதாக்குறைக்கு, செல்லில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி, அதாவது வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களின் தாக்குதல், கூடினால் இந்த ஆலை இன்னும் வேகமெடுக்கும். நிலக்கடலையை வைத்து 1967இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கியபோது நஞ்சு கணிசமாகக் குறைந்தது. கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற இன்னும் குறைந்தது.

பைக்கு வருவோம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூவடுக்குப் பையில், 80 மைக்ரான் பாலித்தீன் உறைகள் இரண்டு உள்ளே, நெய்த பிளாஸ்டிக் சாக்கு வெளியே. காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு உறையின் கழுத்தையும் முறுக்கி, மடக்கி, தனித்தனியாகக் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்ப்பது பெரும்பாலும் வண்டுகள்தான். காய்ந்த பருப்பு அதிகம் மூச்சுவிடாது. ஆகவே வண்டில்லாத கடலைக்குக் காவல் நன்றாகக் காயவைப்பதுதான்: பருப்பில் ஈரம் 7–8 சதவீதம்.

ஈரக்கடலையைக் கட்டினால் ஆக்சிஜன் வேகமாகத் தீரும், ஆனால் புளிப்பு வாடை ஏறும், உறையின் உட்புறம் வியர்க்கும். பிரித்ததும் பூஞ்சணம் தலைதூக்கும். குச்சி குத்திய சிறு துளையும், வாரத்துக்கொரு தரம் பிரிப்பதும் காற்றைத் திரும்ப அழைத்துவரும். ஏற்கெனவே ஊறிய நஞ்சைப் பையும் போக்காது, வறுப்பதும் முழுதாகப் போக்காது, வேப்பிலையும் போக்காது. ஊருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கித் தரப் பணமில்லை என்பவர்கள் ஆய்வகத்துக்குக் கோடிகளை ஒதுக்குவது எனக்கு இன்னும் புரியவில்லை.

கட்டும் முன் சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். நஞ்சில் பெரும்பங்கு அவற்றில்தான். பொறுக்கியதைச் செக்குக்கு அனுப்ப வேண்டாம். எண்ணெயைவிடப் பிண்ணாக்கில்தான் அது தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில் எம்1 என்ற மாற்றுவடிவ அஃப்ளாடாக்சினாக இறங்கும்.