கிளாடியாட்ரிக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் கிளாடியஸ் என்றால் வாள். அதை ஏந்தி மக்கள் பார்க்க அரங்கில் மோதியவன் கிளாடியேட்டர். ஒரு செயலைச் செய்பவன் ஆண் என்றால் 'டோர்', பெண் என்றால் 'ட்ரிக்ஸ்' விகுதி வரும். வென்றவன் விக்டோர், வென்றவள் விக்ட்ரிக்ஸ். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் கிளாடியாட்ரிக்ஸ்.

ஆனால் பண்டைய ரோமானியர் எழுதி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் எதிலும் இந்தச் சொல் இல்லை, பிற்காலத்தார் இலக்கணப்படி உருவாக்கிக்கொண்டது. சொல்தான் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். பேரரசர் டொமிஷியன் இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் பெண்களையும் மோதவிட்டதை ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார், அவரும் வெறுமனே 'பெண்கள்' என்றுதான் சொல்கிறார். கி.பி. 200 வாக்கில் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் இதைத் தடை செய்தார்.

எனக்கு மிகப் பிடித்த சான்று, இன்றைய துருக்கியில் உள்ள ஹலிகார்னாசஸில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு புடைப்புச் சிற்பம். இரண்டு பெண்கள், தலைக்கவசம் இல்லாமல், கேடயமும் வாளுமாக நேருக்கு நேர் நிற்கிறார்கள். பெயர்கள் அமேசான், அகிலியா என்று கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது, மேலே 'விடுவிக்கப்பட்டார்கள்' என்று ஒரே ஒரு சொல். யாரும் தோற்காமல் இருவரும் உயிரோடு களத்தைவிட்டுப் போனார்கள் என்றுதான் அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள்.

சரி, தமிழில்? 'வாள்வீராங்கனை' என்றால் நம் செய்தித்தாள் வாசகருக்கு ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன பவானி தேவிதான் நினைவுக்கு வருவார், அது விளையாட்டு. 'மறத்தி' அழகான சொல்தான், ஆனால் அதில் அரங்கும் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. அந்தக் கூட்டம் இல்லாமல் கிளாடியேட்டர் ஏது? அதனால் 'அரங்க வாள்மகள்' என்பேன். குறுந்தொகையில் ஆடும் பெண் தன்னை 'ஆடுகள மகள்' என்கிறாளே, அதே அமைப்பு: களமும் தொழிலும் முன்னால், மகள் பின்னால். புணர்ச்சி விதிப்படி 'வாண்மகள்' என்று வரவேண்டும், ஆனால் வாள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மாற்றாமலே எழுதுகிறேன். பன்மைக்கு அரங்க வாள்மகளிர்.