கழுத்துத் தமனியில் பிளாஸ்டிக்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் அடைப்பு முற்றினால், அதைத் திறந்து உள்ளே படிந்திருப்பதை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. வெளியே வரும் கொழுப்புப் படிவு சில இடங்களில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாக இருக்கும். சில இடங்களில் கருவி பட்டதுமே நைந்துபோகும். மருத்துவர்களுக்கு அதிகக் கவலை தருவது நைந்த பகுதிதான். அது உடைந்தால் அங்கே ரத்தம் உறைகிறது. கழுத்தில் என்றால் பக்கவாதம், இதயத் தமனியில் என்றால் மாரடைப்பு.

இத்தாலியில் இப்படி எடுத்த படிவுகளைச் சோதித்த ஆய்வு 2024 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 257 நோயாளிகளில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. 31 பேரிடம் பிவிசி என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கும் இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெள்ளணுக்களுக்கு உள்ளேயே ஓரம் கரடுமுரடான அந்நியத் துகள்கள் தெரிந்தன. ஏறக்குறைய மூன்றாண்டுக் கண்காணிப்பில், பிளாஸ்டிக் இருந்த 150 பேரில் 30 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது; இல்லாத 107 பேரில் 8 பேருக்கு. வயது, நீரிழிவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் ஆபத்து நாலரை மடங்கு.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். அவற்றிலும் ஒரு மைக்ரோமீட்டருக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளவைதான் திசுக்களுக்குள் எளிதில் நுழையக்கூடியவை. வெள்ளணு அதை விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாது. அந்தப் போராட்டத்தில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும் என்று கருதப்படுகிறது. பிளாஸ்டிக் இருந்த படிவுகளில் அத்தகைய பொருள்கள் கூடுதலாகவும், படிவைக் கட்டிக் காக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைவாகவும் இருந்தன. படிவு நைவதற்கு இது ஒரு வழியாக இருக்கலாம்.

ஆனாலும் பிளாஸ்டிக்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே கடும் அடைப்பு இருந்தவர்களிடம் மட்டுமே செய்யப்பட்டது. துகள் அதிகமுள்ளவர்களின் வாழ்க்கைமுறையும் வேறாக இருந்திருக்கலாம். முழு நிரூபணம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

"ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, டாக்டர்? டெஸ்ட் எடுக்கலாமா?" என்று நோயாளிகள் என்னிடம் கேட்கிறார்கள். அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய இன்று வழியில்லை. ரத்தத்தைச் 'சுத்தம்' செய்துதருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். கொதிக்கும் பானத்தை அதில் ஊற்ற வேண்டாம். கீறல் விழுந்த டப்பாவைத் தூக்கி எறியுங்கள். கண்ணாடியும் எவர்சில்வரும் போதும். பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாகச் சுமார் 2.4 லட்சம் துகள்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல் எண்ணினார்கள். நல்ல குடிநீர்க் குழாய் இருப்பவர்கள் பாட்டிலைக் குறைக்கலாம். வீட்டுத் தூசியிலும் செயற்கை இழைகள் உண்டு. பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். எங்கள் துறைக்கும் பொறுப்பு இருக்கிறது: ரத்தப் பையும் சலைன் குழாயும் பெரும்பாலும் பிவிசிதான்.

பாட்டிலை மாற்றிவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு வருபவரிடம் அடுத்து நான் கேட்பது, ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, சிகரெட்டை விட்டுவிட்டீர்களா என்பதுதான். தமனியைக் கெடுப்பதாக ஐயமின்றி நிரூபிக்கப்பட்டவை உயர் ரத்த அழுத்தமும் சிகரெட்டும்.