சாவியைத் திருப்பும் அந்த இரண்டு விநாடிகள்

என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் போய்விட்டது என்று வேறோர் இடத்தில் முடிவு கட்டப்பட்டு, எங்கள் காட்பாடிப் பட்டறைக்கு இந்த மாதம் வந்து சேர்ந்த மூன்றாவது கார் இது. சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டு ஒரு கணம் இருண்டு, கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய், என்ஜின் பற்றாமலே நின்றுவிடும். மறுமுறை திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஸ்கேனரில் பி 0562, அதாவது வோல்ட்டேஜ் குறைவு என்று தெளிவாகவே பதிவாகியிருந்தது. அதைப் படித்த பின்னும் கணினியின்மீது பழி போட எப்படி மனம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் பச்சை பூத்துக் கிடந்த எர்த் ஒயரை மாற்றினேன், வண்டி சரியாகிவிட்டது.

உரிமையாளர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "ஹெட்லைட் பளிச்சென்று எரியுது, ஹாரன் அடிக்குது, மீட்டர் வெச்சா 12.6 காட்டுது, பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு." ஐயா, 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரோ சிறிய பெட்ரோல் காரிலேயே 100 ஆம்பியரைத் தாண்டும். டீசல் வண்டியில் 200, 300 என்று போகும். கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் வருகிறது என்பதற்காக, அதே கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் ஓடும் என்று நம் பக்கத்து விவசாயி எவராவது நம்புவாரா? சும்மா இருக்கும் பேட்டரியில் அளந்த 12.6 என்பது கிணற்றை எட்டிப்பார்த்து, தண்ணீர் தெரிகிறது என்று சொல்வதைப் போன்றதுதான். ஊற்று எவ்வளவு என்பது இறைக்கும்போதுதான் தெரியும். ஆகவே ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். முள் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது இறங்காமல் ஈசிஎம்முக்கு வரும் இணைப்பில் மட்டும் இறங்கினால், குற்றவாளி ஒயரோ கிளாம்ப்போதான். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். உள்ளே 5 வோல்ட்டில் இயங்கும் சிப், வெளியே 6, 7 என்று இறங்கும்போது தள்ளாடத்தான் செய்யும்.

வேனில் சிறிய கணினி பொருத்தியிருந்த ஒருவர், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் அது அணைந்து எழுகிறது என்று 4700 மைக்ரோஃபாரட் (0.0047 ஃபாரட்) கெப்பாசிட்டர், அதாவது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம், ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். 5 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு அது 2 வோல்ட் சரியும்வரை தாங்கும் நேரம், ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. 2 விநாடி தாங்குவதற்கு 5 ஃபாரட் வேண்டும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடை இடையில் வைக்காவிட்டால் அதையும் செல்ஃப் மோட்டாரே உறிஞ்சிவிடும். அதோடு, பல வண்டிகளில் சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது பாட்டு, சார்ஜர் போன்றவற்றுக்குப் போகும் ஆக்சஸரி லைன் வேண்டுமென்றே துண்டிக்கப்படுகிறது. அதில் இணைத்த கருவி அணைவது பழுது ஆகாது. உள்ளே 6 வோல்ட் வந்தாலும் வெளியே 12 வோல்ட்டை நிலையாகத் தரும் கன்வர்ட்டரை, தனி ஃபியூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்து நேரடியாக இணைப்பதே வழி. வண்டி நின்ற பிறகு கணினியை அணைக்க ஒரு டைமரும் தேவை; இல்லையென்றால் காலையில் பேட்டரியே இருக்காது.

மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் வாடகைக்கார்த் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு, ஃபேன், இரண்டு போன் சார்ஜர் என்று ஓடவிடாதீர்கள். குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வேலூர் வெயிலில் தண்ணீர் வற்றி, உள்ளே தகடுகள் அரித்துப்போய், அது சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. சித்திரை பிறப்பதற்குள் லோடு டெஸ்ட், அதாவது மின்சாரம் இழுக்கவிட்டுப் பேட்டரியைப் பார்க்கும் சோதனை, ஒன்று செய்துகொள்ளுங்கள்.

பேட்டரி படுத்துவிட்டதென்று பக்கத்தில் நிற்கும் லாரியின் 24 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். கார் பேட்டரியிலிருந்து கொடுத்தாலும், கறுப்பு ஒயரை உங்கள் வண்டி என்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஓடும் என்ஜினில் டெர்மினலைக் கழற்றும் பழைய வித்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு நொடியில் எகிறும் வோல்ட்டேஜ், இதுவரை நன்றாக இருந்த ஈசிஎம்மை நிஜமாகவே எரித்துவிடும்.