முயல் ராஜாகிட்ட சாரி கேக்கணுமா?

மொரீஷியஸ்ல பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்குறது என் வேலை, லீவு நாள்ல சிறுவர் கதை எழுத ஆசைப்படுற பெரியவங்களுக்கு பயிற்சியும் நடத்துறேன். பழைய கதையை மாடர்னா மாத்துறேன்னு வர்றவங்க முக்கால்வாசிப் பேர் முதல்ல கதையில இருக்குற கெட்டதை எல்லாம் தொடைச்சி எடுத்துடுவாங்க, ஓநாய் சைவம் ஆகிடும், ராட்சசன் ஃப்ரெண்ட் ஆகிடுவான், கடைசில எல்லாரும் சேர்ந்து கேக் சாப்பிடுவாங்க. போரடிக்குதுன்னு பிள்ளைங்க எந்திரிச்சி போயிடும்.

எங்க ஊரு கதையையே பாருங்க. முயல் ஆமைன்னதும் நம்ம பிள்ளைங்க ஓட்டப்பந்தயம்னுதான் சொல்லும், ஆனா இங்க மக்கள் பேசுற கிரியோல் மொழில யேவ் (முயல்), தோர்த்தி (ஆமை) கதை வேற. ராஜா குளத்துல யாரும் இறங்கக்கூடாது, முயல் காவல்காரனை ஏமாத்திட்டு உள்ள போயி தண்ணியைக் கலக்கிட்டு வருது, கடைசில ஆமை முதுகுல பசையைத் தடவிக்கிட்டு அசையாம கெடக்க, முயல் அதுல ஒட்டிக்கிட்டு மாட்டுது. ஷார்ல் பைசாக் 1888ல கிரியோல்லயும் பிரெஞ்சுலயும் போட்ட புத்தகத்துல இருக்குற கதைதான். பசையில மாட்டுற இந்த தந்திரம் ஆப்பிரிக்கக் கதைகள்லயும் இருக்கு, அமெரிக்காவுல கறுப்பின மக்கள் சொன்ன தார் பொம்மை கதையிலயும் இருக்கு.

இந்தத் தீவுல அடிமை முறை ஒழிஞ்சது 1835லதான். கைப்பிடி மண்ணு கூட சொந்தம் இல்லாதவங்க வாயில வளர்ந்த கதையில ராஜா குளம்னா சும்மா குளமா? முயல் மாட்டிக்கிச்சேன்னு சிரிக்கும்போதே, ராஜாவுக்கே தண்ணி காட்டிடுச்சேன்னு ஒரு குஷியும் உள்ள இருக்கும். அந்த முயலைப் போயி "சாரி ராஜா, இனிமே பர்மிஷன் கேட்டு வரேன்"னு சொல்ல வெச்சா கதை யார் பக்கம் போயிடுச்சின்னு பாருங்க.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே 1812 பதிப்புல பனிவெள்ளையோட (ஸ்னோ வொயிட்) சொந்த அம்மாவை கொடுமைக்காரியா வெச்சிட்டு 1819ல சித்தியா மாத்திட்டாங்க, நம்ம கிளாஸ்ல சித்தி வளர்க்குற பிள்ளை உக்காந்திருந்தா அதை நாம திருப்பி மாத்தலாம், தப்பே இல்ல. வடையைக் காலுக்கடியில வெச்சிட்டு பாடுற காக்காவும் நல்ல மாத்தல்தான், ஏன்னா நரியோட தந்திரமும் பசியும் அப்படியே இருக்கு, காக்கா மட்டும் தேறிடுச்சி. பயிற்சிக்கு வந்த ஒரு டீச்சரம்மா ராஜா குளத்தை ஹோட்டல் பீச் ஆக்கி, காவல்காரனுக்கு செக்யூரிட்டி யூனிஃபார்ம் மாட்டிட்டாங்க, இங்க பீச்சுக்குப் போறவங்களுக்கு அதுக்கு மேல விளக்கமே தேவையில்ல!

இன்னொண்ணு, 2012லேருந்து பிரைமரில கிரியோலும் ஒரு பாடம், ஆனா தமிழ் எடுக்குற பிள்ளை அதை எடுக்க முடியாது, ரெண்டுல ஒண்ணுதான். அதனால இந்தக் கதைங்க ஸ்கூல்ல அவங்க கையில சேரணும்னா தமிழ் கிளாஸ் வழியாத்தான் சேரணும். கிரியோல் விடுகதைலேருந்து ஆரம்பிங்க, நீங்க "சிரான்தான்"னு கேட்டா அவங்க "சாம்பெக்"னு கத்துவாங்க, நிக்கிற தண்ணி என்னன்னா கரும்பு, தொங்குற தண்ணின்னா தேங்கா, அப்புறம் நம்ம விடுகதையும் தானா வந்துடும்.

அச்சுல போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1888 புத்தகத்துக்கு இன்னைக்கு காப்புரிமை இல்ல, தாராளமா எடுங்க, ஆனா பக்கத்து வீட்டு பாட்டி சொன்னதை போன்ல ரெக்கார்ட் பண்ணி புத்தகமாக்கி விக்கிறீங்கன்னா அவங்ககிட்ட கேளுங்க, அவங்க சம்மதிச்சா பேரை முதல் பக்கத்துலயே போடுங்க, நன்றி சொல்ற கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இல்ல.