டிரெட்நாட் என்னும் அஞ்சாக் கப்பல்

கிட்டார் கடையில் ‘டிரெட்நாட்’ என்று கேட்டால் இடுப்பு அகன்ற, உரத்து ஒலிக்கும் ஒரு கிட்டாரை எடுத்து நீட்டுவார்கள். 1916இல் மார்ட்டின் நிறுவனம் அந்தப் பெரிய உருவத்துக்கு வைத்த பெயர் அது. இரவல் வாங்கியது பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து.

‘டிரெட்’ என்றால் நடுங்கும் அளவுக்கு அஞ்சுவது. ‘நாட்’ என்றதும் கப்பலின் வேகத்தைச் சொல்லும் நாட் நினைவுக்கு வரும், அது வேறு. இது ‘ஒன்றுமில்லை’ என்ற பொருளுள்ள பழஞ்சொல். இரண்டும் சேர்ந்தால் ‘எதற்கும் அஞ்சாதே’. முதலாம் எலிசபெத் ராணி காலத்திலேயே, 1573இல், ஒரு கப்பலுக்கு இந்தப் பெயர் இருந்தது. 1805 டிரஃபால்கர் போரிலும் ஒரு டிரெட்நாட் கலந்துகொண்டது.

அதுவரை அது வெறும் பெயர்தான். 1906இல் போர்ட்ஸ்மவுத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னர் கடலில் இறக்கிவைத்த கப்பல்தான் அதைப் பொதுச்சொல் ஆக்கியது. அதற்கு முந்தைய போர்க்கப்பல்களில் பெரும்பாலும் நாலு பெரிய பீரங்கிகளோடு பல அளவில் சின்னவையும் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கினால், தொலைவில் எழும் நீர்த்தூண்களில் எது எந்தக் குண்டால் எழுந்தது என்று தெரியாது. குறியைத் திருத்துவது பெரும்பாடு. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் தலைமையில் உருவான இந்தக் கப்பலிலோ பெரிய பீரங்கி பத்தும் ஒரே அளவு, 12 அங்குலம். போதாக்குறைக்கு நீராவிச் சுழலி (டர்பைன்) வேறு. வேகம் 21 நாட். பிறகு எந்த நாடு இதே பாணியில் கட்டினாலும் அது ‘ஒரு டிரெட்நாட்’.

கப்பல் பெயர் பொதுச்சொல் ஆவது நமக்கும் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டன். பலே கில்லாடியை ‘அவன் எம்டன்டா’ என்று சொல்கிறோமே, அது அந்தக் கப்பல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வெறும் ‘போர்க்கப்பல்’ போதாது. சின்னப் பீரங்கிப் படகும் போர்க்கப்பல்தான். ‘அச்சமற்ற கப்பல்’ அகராதி வாடை அடிக்கிறது. என் ஓட்டு ‘அஞ்சாக் கப்பல்’ என்பதற்கே. ‘செல்லாக் காசு’ போல ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சுவரொட்டிகளில் பார்க்கும் ‘அஞ்சாநெஞ்சன்’ வாசனையும் கூடவே வரும். ஆனால் இது வகைக்குத்தான். 1906 கப்பலைச் சொல்லும்போது ‘டிரெட்நாட்’ என்றே எழுத வேண்டும். பெயரை மொழிபெயர்த்தால் எந்தக் கப்பல் என்பதே போய்விடும்.

இவ்வளவு பேர் வாங்கிய கப்பல், எதிரியின் பெரும் போர்க்கப்பல் எதனோடும் மோதவே இல்லை. பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய 1916 ஜட்லாண்ட் போரின்போது பழுதுபார்ப்பில் கிடந்தது. 1915 மார்ச் 18 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே யூ-29 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை இடித்து மூழ்கடித்ததுதான் அதன் ஒரே வேட்டை. அதுவும் பீரங்கியால் அல்ல, மூக்கால்! அந்த நீர்மூழ்கியின் தளபதி ஓட்டோ வெட்டிகன் லேசுப்பட்டவர் அல்ல. எம்டன் சென்னைக்கு வந்த அதே செப்டம்பர் 22 அன்று, வேறொரு நீர்மூழ்கியில் இருந்தபடி மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தவர். 1920களின் தொடக்கத்தில் டிரெட்நாட் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

‘வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ கணினி விளையாட்டில் அது இன்னும் மிதக்கிறது, கப்பல்களைத் திறன்படி பிரிக்கும் வரிசையில் மூன்றாம் படிநிலையில். நிஜத்தில் கிடைக்காத சண்டை அங்கே தாராளம்: பெரிய பீரங்கிகள் மற்ற அஞ்சாக் கப்பல்களைப் பார்த்து முழங்கும். இடிக்கவும் செய்யலாம், என்ன, நம் கப்பலும் சேர்ந்து அடி வாங்கும். நீர்மூழ்கிகளோ அந்த விளையாட்டில் ஆறாம் படிநிலையில்தான் தொடங்குகின்றன. அருகருகே உள்ள படிநிலைகள் மட்டுமே மோதும் வழக்கமான ஆட்டத்தில் டிரெட்நாட்டின் கண்ணில் ஒன்றுகூடப் படாது.